பீருக்கு ஏஸி, மனுஷனுக்கு விசிறி

2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ் ஞாபகம் இருக்கிறதா? பதக்கப் பட்டியலை விடுங்கள், அதைப் பார்த்தால் நமக்கு மனசு கஷ்டமாகும். வீரர்கள் தங்கிய கிராமத்தைச் சொல்கிறேன். 'எங்கள் ஒலிம்பிக் கிராமத்தில் ஏஸியே கிடையாது' என்று பாரிஸ் ஊருக்கெல்லாம் தம்பட்டம் அடித்தது. தரைக்கடியில் குழாய் பதித்துக் குளிர்ந்த தண்ணீரை ஓடவிடுவோம், வெளியே இருப்பதைவிட அறைக்குள் 6 டிகிரி குறைவாக இருக்கும், பூமித்தாய் வாழ்க!

உலக நாடுகள் எல்லாம் பலமாகக் கைதட்டின. தட்டி முடித்துவிட்டு, 'எங்க பசங்களுக்கு மட்டும் ஒண்ணு வச்சுக்கறோமே' என்று ஒவ்வொன்றாக வந்து காதைக் கடித்தன. கடைசியில், ஏஸியே இல்லாத அந்தக் கிராமத்துக்கு ஆர்டரான ஏஸிகள் சுமார் 2,500!

இதை வைத்து, ஐரோப்பியர்களுக்குக் குளிர்பதனம் என்றாலே ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். ஐஸ் மெஷின், ஃப்ரிட்ஜ், குளிர்சாதனக் கப்பல் என்று இந்தத் தொழிலில் தலையைக் கொடுத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். நானூறு வருஷமாக எதையாவது ஜில்லென்று ஆக்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். முதலில் கோழி, அப்புறம் பீர், அப்புறம் மாட்டிறைச்சி, இப்போது கம்ப்யூட்டர். மனுஷன் முறை மட்டும் இன்னும் வரவில்லை!

கோழியிலிருந்து ஆரம்பிக்கலாம். 1626, லண்டனை ஒட்டிய ஹைகேட் மேடு. குதிரை வண்டியில் போகிறவர் சாமானியப்பட்டவர் இல்லை, ஸர் பிரான்சிஸ் பேக்கன். எதையும் சோதித்துப் பார்த்த பிறகே நம்பவேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த மேதை. சாலையோரம் பனி கொட்டிக் கிடக்கிறது. பெரியவர் மூளையில் பளிச்! 'இறைச்சி கெடாமல் இருக்க உப்பு போடுகிறோமே, பனியைப் போட்டால் என்ன?' உடனே வண்டி நின்றது. ஓர் ஏழைப் பெண்மணியிடம் கோழி ஒன்று வாங்கி, சுத்தம் செய்யச் சொல்லி, 65 வயதுக் கிழவர் தன் கையாலேயே அதன் வயிற்றில் பனியைத் திணித்தார். அங்கேயே உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு பிரபுவின் மாளிகையில் கொண்டுபோய் ஈரப்படுக்கையில் கிடத்தினார்கள். சில நாட்களில் ஆள் காலி. கோழி நன்றாகத்தான் இருந்திருக்கும்!

சாகக் கிடக்கிறவர் உயில் எழுதலாம், மன்னிப்புக் கேட்கலாம். பேக்கன் அந்தப் பிரபுவுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், சோதனை பிரமாதமாக வெற்றி என்று ரிசல்ட் அனுப்பியிருக்கிறார். கூடவே, எரிமலையைக் கிட்டப்போய்ப் பார்த்துச் செத்த ரோமானிய அறிஞர் பிளினியோடு தன்னை ஒப்பிட்டுக்கொண்டார். அவருக்கு எரிமலை, இவருக்குக் கோழி. சரி, கோழிக் கதையை எழுதிவைத்தது யார்? ஜான் ஆப்ரே என்பவர். 'நேரில் பார்த்தாரா?' என்று கேட்கிறீர்களா? பேக்கன் இறந்தபோது ஆப்ரேவுக்கு வயது ஒரு மாதம்கூட ஆகவில்லை. யாரோ சொல்லக் கேட்டு எழுதியது. எதையும் சோதிக்காமல் நம்பாதே என்ற மேதையின் மரணத்தையே நாம் சோதிக்காமல்தான் நம்பிக்கொண்டிருக்கிறோம்!

அடுத்து 1840கள். அமெரிக்காவில், மாசசூசெட்ஸில் வென்ஹாம் என்றொரு ஏரி. அதில் உறைந்த பனியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் ஏற்றி, குளிரில் பல் கிட்டிக்கிற லண்டனுக்குக் கொண்டுவந்து விற்றார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனால் விற்றார்கள் பாருங்கள்! ஸ்டிராண்ட் வீதிக் கடையின் ஜன்னலில் தினமும் ஒரு பெரிய ஐஸ் பாளம். அதன் பின்னால் ஒரு செய்தித்தாள். கண்ணாடிபோன்ற அந்தப் பாளம் வழியாக எழுத்துக்கூட்டிப் படிக்கலாம். வேலைவெட்டி இல்லாதவர்கள், இருப்பவர்கள் எல்லோரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். விக்டோரியா ராணியின் அரண்மனைக்கே அந்த ஐஸ் போனது. அப்புறம் கேட்பானேன்? வென்ஹாம் ஐஸ் இல்லாத விருந்து விருந்தே இல்லை என்றாகிவிட்டது. தண்ணீருக்கு பிராண்ட் வைத்து விற்பது மினரல் வாட்டர்காரன் கண்டுபிடிப்பு என்றா நினைத்தீர்கள்?

(ஜம்பம் அடித்துக்கொள்ள நமக்கும் இடம் இருக்கிறது. அதே 1842 வாக்கில் பாஸ்டன் ஆசாமி ஃபிரெடரிக் டியூடர் மெட்ராஸ் கடற்கரைக்கே கப்பலில் ஐஸ் அனுப்பி, வைத்து விற்க ஒரு கட்டடமும் கட்டினார். இன்றைக்கும் பஸ் கண்டக்டர் 'ஐஸ் ஹவுஸ் எறங்கு' என்கிறாரே, அதேதான். நாமாவது வெயிலில் வெந்துபோய் வாங்கினோம்!)

இதையெல்லாம் எதிர்க்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள் நார்வேக்காரர்கள். 'ஐஸா? எங்க வீட்டுக் கொல்லையிலேயே கிடக்குதேய்யா! அட்லாண்டிக்கைத் தாண்டி எதுக்கு வரணும்?' நியாயமான கேள்வி. விலையும் மலிவு. ஆனால் லண்டன் சீமாட்டிகளுக்கு வென்ஹாம்தான் வேண்டும். நார்வேக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தரத்தை உயர்த்தவில்லை, விளம்பரம் செய்யவில்லை. தங்கள் நாட்டில் ஓப்பெகோர் என்று இருந்த ஏரிக்கு 'வென்ஹாம் ஏரி' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். முடிந்தது விஷயம்! நம்ம ஊரில் பிராண்டைத்தான் ஓர் எழுத்து மாற்றி டூப்ளிகேட் போடுவார்கள். ஓர் ஏரியையே டூப்ளிகேட் போட்ட பெருமை நார்வேக்கே சேரும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் லண்டனில் ஐஸ் என்றாலே நார்வே ஐஸ்தான்.

வாங்கிக் குவித்தவர்களில் கார்லோ கட்டி என்ற சுவிஸ் ஐஸ்கிரீம் வியாபாரியும் உண்டு. கிங்ஸ் கிராஸ் பக்கம் கால்வாயோரம் ராட்சசக் கிணறு வெட்டி, தண்ணீருக்குப் பதிலாக ஐஸைக் கொட்டி வைத்திருந்தார். அந்தக் கிணறு இன்றும் இருக்கிறது, மியூசியமாக. ஐஸ்தான் இல்லை!

சரி, இனிமேல்தான் ஹீரோ என்ட்ரி. ஹீரோ யார் என்கிறீர்கள்? பீர்!

ஜெர்மனியின் பவேரியாக்காரர்களுக்குப் பீர் என்பது பானம் இல்லை, மதம். ஆனால் அந்தத் தெய்வத்துக்கு ஒரு பலவீனம். வெயில் ஆகாது. அவர்கள் பீரில் வேலை செய்யும் ஈஸ்ட் 10 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஒழுங்காக இருக்கும். சூடு ஏறினால் வேண்டாத கிருமியெல்லாம் கூட்டுச்சேர்ந்து சரக்கு புளித்துவிடும். கெட்ட பீரைக் குடித்துக் குடித்து வெறுத்துப்போய், 1553-ல் சட்டமே போட்டார்கள்: ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சவே கூடாது. குடிக்கக் கூடாது என்று மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு யாருக்கும் துணிச்சல் இல்லை!

ஆகவே மார்ச்சிலேயே காய்ச்சி ஐந்து மாதத்துக்குப் பதுக்கியாக வேண்டும். ம்யூனிக் பீர்க்காரர்கள் நிலவறை கட்டி, குளிர்காலத்தில் ஏரி ஐஸை வெட்டி உள்ளே அடைத்தார்கள். மேலே வெயில் படாமல் இருக்கக் கஷ்கொட்டை மரங்கள் நட்டார்கள். ஏன் கஷ்கொட்டை? இலை அகலம், வேர் ஆழமாகப் போகாது, நிலவறைக் கூரையைப் பெயர்க்காது. மண் சூடேறாமல் இருக்க மேலே கூழாங்கல் பரப்பினார்கள். இப்போது நின்று ஒரு நிமிஷம் பாருங்கள்: மேலே குளுகுளு நிழல், காலடியில் ஆயிரக்கணக்கான லிட்டர் பீர். நடுவில் யாராவது நாலு பெஞ்சைப் போடாமல் இருப்பார்களா? உலகப் புகழ் பெற்ற ம்யூனிக் பீர்த் தோட்டம் ரெடி. டூரிஸ்டுகள் ரசனை, பண்பாடு என்று சிலாகித்து ஃபோட்டோ எடுக்கிற இடம் ஃப்ரிட்ஜின் மொட்டைமாடி!

ஊருக்குள் இருந்த சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டமெல்லாம் தோட்டத்துக்குப் போய்விட்டதே! ராஜாவிடம் ஒப்பாரி வைத்தார்கள். 1812-ல் ராஜா முதலாம் மாக்ஸிமிலியன் ஒரு சாலமன் தீர்ப்பு சொன்னார். தோட்டத்தில் பீர் விற்கலாம், ரொட்டி தவிரச் சாப்பாடு விற்கக் கூடாது. பவேரியன் யோசித்தான். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவந்துவிட்டான். இன்றைக்கும் அசலான பீர்த் தோட்டத்தில் உங்கள் டிபன் பாக்ஸைப் பிரித்துச் சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நம்ம மல்டிபிளெக்ஸ் முதலாளிகள் யாராவது இந்தப் பாராவைப் படித்தால் மயங்கி விழுவார்கள்.

இந்த ஐஸ் ஏற்பாட்டில் ஒரே ஒரு சிக்கல்: குளிர்காலம் காலை வாரிவிட்டால்? ஏரி உறையாது, ஐஸ் கிடையாது, பீர் கிடையாது, புரட்சி வெடிக்கலாம். அந்த நேரம் பார்த்து ம்யூனிக் பாலிடெக்னிக்கில் கார்ல் லிண்டே என்ற இளம் வாத்தியார், குளிரை மெஷினில் எப்படி உண்டாக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். லிண்டேயின் சொந்தப் படிப்பு எப்படி? சூரிச்சில் படிக்கும்போது மாணவர் போராட்டத்தில் கலந்துகொண்டதால் டிகிரி வாங்குமுன்னே வெளியே அனுப்பப்பட்டவர். அரியர்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் இந்த வரியை அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்!

வாத்தியார்கள் எழுதும் கட்டுரையைப் பொதுவாக இன்னொரு வாத்தியார்தான் படிப்பார், அதுவும் தப்புக் கண்டுபிடிக்க. லிண்டேயின் கட்டுரையைப் பீர் முதலாளிகள் படித்தார்கள். ஸ்பாட்டன் கம்பெனியின் கப்ரியேல் செடல்மையர், 'மெஷினைச் செய்யுங்க ஸார், செலவைப் பத்திக் கவலைப்படாதீங்க' என்று தன் ஆலையிலேயே இடம் கொடுத்தார். முதல் மெஷின் மீத்தைல் ஈதரில் ஓடியது. ஓடியது என்பதைவிட ஒழுகியது என்பதே பொருத்தம். 'கேஸ் போயிடுச்சு ஸார், ஃபில்லிங் பண்ணணும்' என்று நம்ம ஏஸி மெக்கானிக் சொல்லும் அந்த அமர வசனத்தை உலகத்தில் முதலில் கேட்டவர் அனேகமாக லிண்டேதான். வாத்தியார் அசரவில்லை, அமோனியாவுக்கு மாறினார். டிரியெஸ்டே நகரில் டிரேஹர் பீர் ஆலைக்குப் போன அமோனியா மெஷின் 1877 முதல் 1908 வரை 31 வருஷம் ஓடியது. நான் போன வருஷம் வாங்கிய ஃப்ரிட்ஜைக் கொஞ்சம் வெறுப்போடு பார்த்துக்கொள்கிறேன்.

1879-ல் வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி ஆரம்பித்தார் லிண்டே. அப்புறம் குளிர்காலம் சரியாக வராத ஒவ்வொரு வருஷமும் அவருக்குத் தீபாவளிதான். ஊரே வானத்தைப் பார்த்து 'பனி பெய்யணுமே' என்று வேண்டும்போது, 'பெய்யாதே, பெய்யாதே' என்று வேண்டிய ஒரே ஜெர்மானியர்! அவரிடம் படித்து, பாரிஸில் அவருடைய ஐஸ் மெஷின்களைக் கட்டிமேய்த்த ஒரு பையன் பின்னாளில் வேறொரு என்ஜின் செய்யப் போனான். பெயர் ருடால்ஃப் டீசல். லாரி பின்னால் போகும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறீர்களே, அவரேதான்.

லிண்டேவுக்கு அடித்த அதிர்ஷ்டம் பிரான்ஸின் ஷார்ல் தெல்லியேவுக்கு இல்லை. 1876-ல் ஒரு கப்பலையே ஃப்ரிட்ஜாக மாற்றி, இறைச்சியோடு அட்லாண்டிக்கைத் தாண்டி அர்ஜென்டினா போனார். 105 நாள்! விருந்து, மாலை, மரியாதை. 'குளிரின் தந்தை' என்று பட்டம். பணம்? அது இங்கிலாந்து இறைச்சி வியாபாரிகளுக்குப் போனது. தந்தை 1913-ல் வறுமையில் செத்தார்.

பட்டம் என்றதும் ஐன்ஸ்டீன் ஞாபகம் வருகிறார். ஆமாம், அந்த ஐன்ஸ்டீனேதான், ஃப்ரிட்ஜ் செய்தார்! 1920களில் ஃப்ரிட்ஜுக்குள் இருந்ததெல்லாம் விஷவாயு. பெர்லினில் ஒரு குடும்பமே வாயு கசிந்து தூக்கத்தில் இறந்த செய்தியைப் படித்து மனம் உடைந்துபோனார். லியோ ஸிலார்ட் என்ற சிஷ்யப்பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, ஓடும் பாகமே இல்லாத ஃப்ரிட்ஜ் ஒன்றை வடிவமைத்தார். பிஸ்டன் கிடையாது, சீல் கிடையாது, திரவ உலோகத்தைக் காந்தத்தால் தள்ளுகிற பம்ப். ஒழுக வாய்ப்பே இல்லை. ஏஇஜி கம்பெனி செய்தும் பார்த்தது. பம்பை ஆன் செய்தார்கள். ஊளை! நடு அடுக்களையில் ஓநாயைக் கட்டிப்போட்ட மாதிரி ஊளை. பிரபஞ்ச ரகசியத்தை அவிழ்த்தவரால் சத்தத்தை மட்டும் அடக்க முடியவில்லை. பொருளாதார மந்தம் வந்தது, ஹிட்லர் வந்தான், அமெரிக்காவிலிருந்து ஃப்ரியான் என்ற புது வாயு வந்தது. கதை முடிந்தது. ஆனால் அந்தப் பம்ப் வீணாகவில்லை. பிற்பாடு அணு உலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பால் கெடாமல் இருக்கச் செய்த சாமானுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

ஃப்ரியான் நல்ல பிள்ளை. நாறாது, எரியாது, கொல்லாது. அரை நூற்றாண்டு அமோகமாக ஆண்டது. 1985-ல் அன்டார்டிகாவுக்கு மேலே ஓசோனில் ஓட்டை என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சொன்ன பிறகுதான், நல்ல பிள்ளை மாடியில் என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரிந்தது. அதற்கு மாற்றாக வந்த அடுத்த தலைமுறை வாயு ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே 1992-ல் ஒரு மசாலாப் படம் நடந்தது. கிழக்கு ஜெர்மனியில் ஷார்ஃபென்ஷ்டைன் என்ற சின்ன ஊரில் ஒரு ஃப்ரிட்ஜ் ஃபேக்டரி. சுவர் இடிந்து இரண்டு ஜெர்மனியும் ஒன்றானபின், இழுத்து மூட வேண்டிய பட்டியலில் அது இருந்தது. அப்போது டார்ட்மண்டைச் சேர்ந்த இரண்டு சுகாதார விஞ்ஞானிகள், 'ஃப்ரியானும் வேண்டாம், அதன் தம்பியும் வேண்டாம், புரொப்பேன் பியூட்டேன் போதும்' என்றார்கள். அதாவது, நம்ம வீட்டு சமையல் கேஸின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்! கிரீன்பீஸ் இயக்கம் காசு கொடுத்து பத்து ஃப்ரிட்ஜ் செய்யச் சொன்னது. பெரிய கம்பெனிகள் கொதித்தெழுந்தன. 'அடுக்களையில் வெடிகுண்டு!' என்று கடைக்காரர்களுக்கெல்லாம் எச்சரிக்கை பறந்தது. அந்த வெடிகுண்டுக்குள் இருந்த வாயு எவ்வளவு? இரண்டு மூன்று சிகரெட் லைட்டரில் இருப்பது அவ்வளவுதான். ஜனங்கள் ஆயிரக்கணக்கில் முன்பதிவு செய்ததும் பெரிய கம்பெனிகளுக்கு ஞானம் பிறந்தது. சில மாதங்களில் அவர்களே அதே 'வெடிகுண்டை'ச் செய்து, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி விற்க ஆரம்பித்தார்கள். முதலில் செய்த ஃபேக்டரி 1996-ல் திவால்!

எழுந்து போய் உங்கள் ஃப்ரிட்ஜின் பின்னால் எட்டிப்பாருங்கள். தூசியைத் துடைத்தால் கம்ப்ரஸர் மேல் சின்ன ஸ்டிக்கரில் அனேகமாக 'ஆர்600ஏ' என்று இருக்கும். பியூட்டேன் வகையறா. ஷார்ஃபென்ஷ்டைன் வழிவந்த சொந்தக்காரர், நம்ம வீட்டு மாவுப் பாத்திரத்துக்குக் காவல்.

வீட்டு ஃப்ரிட்ஜ் திருந்திவிட்டது. சூப்பர் மார்க்கெட்காரர்கள் மட்டும் ஆர்-404ஏ என்ற வாயுவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஒரு கிலோ வெளியேறினால் 3,922 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம். ஐரோப்பிய யூனியன் கோட்டா போட்டுக் கறாராக வெட்ட, 2017, 18-ல் விலை தறிகெட்டு ஏறியது. விலை ஏறினால் என்ன வரும்? கடத்தல்! தங்கம், சிகரெட் மாதிரி, கார் டிக்கியில் கேஸ் சிலிண்டரைப் போட்டு எல்லை தாண்டினார்கள். குளிரைக் கடத்தி ஜெயிலுக்குப் போவது என்றால் சும்மாவா? ஜெயிலில் யார் என்ன கேஸ் என்று கேட்டால், 'கேஸ் கேஸ்தான்' என்று சொல்ல வேண்டியதுதான்.

மாற்று என்ன? ஓசோன் ஓட்டைக்குப் பிறகு ஆளாளுக்கு மண்டையை உடைத்துக்கொண்டபோதே, குஸ்தாவ் லோரென்ட்ஸன் என்ற நார்வே பேராசிரியர் (ஆமாம், மறுபடியும் நார்வே!) பழைய பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்துக் காட்டினார். கார்பன் டை ஆக்ஸைடு. அட, எல்லோரும் திட்டுகிற அதே ஆசாமி! அந்தக் காலத்துக் கப்பல்களில் குளிருக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஃப்ரியான் வந்ததும் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்பட்டது. இப்போது பழைய குருடி, கதவைத் திறடி! ஒரே ஒரு குறை. 31 டிகிரிக்கு மேல் அது எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, அடம்பிடிக்கும். அதனால் தெற்கு ஐரோப்பாவின் குறுக்கே ஒரு கற்பனைக் கோடு கிழித்து, 'இதற்குக் கீழே சரிப்படாது' என்று தொழில்காரர்கள் 'சிஓடூ பூமத்தியரேகை' என்றே பெயர் வைத்தார்கள். கோட்டுக்குக் கீழே இருந்த இத்தாலி, ஸ்பெயின் எஞ்சினியர்களுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வர, எஜெக்டர், அது இது என்று ஆயிரம் ஒட்டுப்போட்டு அங்கேயும் ஓட்டிவிட்டார்கள். உலகத்திலேயே எஞ்சினியர்கள் சேர்ந்து அழித்த ஒரே பூமத்தியரேகை!

நம்ம லிண்டே வாத்தியார் கம்பெனி என்ன ஆனது? கேட்காதீர்கள். ஐஸ் மெஷினில் பிறந்த அந்தக் கம்பெனி ஆக்ஸிஜன், நைட்ரஜன் என்று வாயு விற்றுப் பெரிய ஆளாகி, 2004-ல் தன் குளிர்சாதனப் பிரிவை அமெரிக்காவின் கேரியருக்கு விற்றுவிட்டது. கேரியர் 2024-ல் தன் கடைகண்ணி ஃப்ரிட்ஜ் வியாபாரத்தையெல்லாம் மூட்டை கட்டிச் சீனாவின் ஹையருக்குக் கொடுத்துவிட்டது. அந்தக் காசை என்ன செய்வது என்று கேரியர் கவலைப்பட்டிருக்காது. ஜெர்மனியின் வீஸ்மானிடமிருந்து ஹீட் பம்ப் வியாபாரத்தை 12 பில்லியன் யூரோவுக்கு ஏற்கெனவே பேசி முடித்திருந்தது. ஹீட் பம்ப் என்றால் பயந்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜைத் திருப்பிப் போட்டால் ஹீட் பம்ப். பின்பக்கம் சூடாக இருக்குமே, அதை வீட்டுக்குள் விடுவார்கள். விலை மட்டும் முன்பக்கத்தைவிட அதிகம்.

கடைசியாக, இன்றைய வி.ஐ.பி. 2022 ஜூலை 19, இங்கிலாந்தில் வெயில் முதல்முறையாக 40 டிகிரியைத் தாண்டியது. அன்றைக்கு லண்டனில் இரண்டு பெரிய கம்பெனிகளின் டேட்டா சென்டர்களில் கூலிங் படுத்துவிட்டது, கம்ப்யூட்டர்கள் மயங்கி விழுந்தன. வேர்த்து விறுவிறுத்து பஸ்ஸில் போன லண்டன்வாசியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கம்ப்யூட்டருக்கு என்றதும் பதறிவிட்டார்கள். இப்போது ஐரோப்பாவில் ராட்சச சில்லர் செய்கிறவனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

கொஞ்சம் விவரமானவர்கள் சில்லரைத் தேடவில்லை, வடக்கே போனார்கள். ஃபேஸ்புக் 2013-ல் ஸ்வீடனின் லூலியோவில் கடையைத் திறந்து, வெளியே அடிக்கிற பனிக்காற்றையே உள்ளே விட்டது. கூகுள் ஃபின்லாந்தின் ஹமீனாவில் பழைய காகித ஆலையை வாங்கி, கடல் தண்ணீரைக் குழாயில் ஏற்றியது. அன்று ஐஸை லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள், இன்று லண்டனின் சூட்டை ஐஸிடம் அனுப்புகிறார்கள்.

நார்வேக்காரர்கள் விடுவார்களா? மலையைக் குடைந்து நேட்டோ படைக்கு வெடிமருந்து வைத்திருந்த பழைய குகை ஒன்றை டேட்டா சென்டராக மாற்றி, ஃபியோர்டிலிருந்து 8 டிகிரித் தண்ணீரை எடுத்துவிட்டு, 'வாங்க, வாங்க, குளிர் மலிவு!' என்று கூப்பிடுகிறார்கள். பெயர்? நார்வேஜிய மொழியில் ஏதாவது வாயில் நுழையாத பெயர் இருக்கும் என்று பார்த்தேன். 'கிரீன் மவுன்டன்'! அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்துக்குச் செல்லப்பெயரே அதுதான். மேப்பைப் பிரித்து வெர்மான்ட் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். மாசசூசெட்ஸுக்கு அடுத்த வீடு.